வெள்ளைக்காரன் கொண்டுபோன கயிறு

வெள்ளைக்காரனை இனி சும்மா விடுவதில்லை என்று அன்று காலை முடிவெடுத்தேன். அவன் போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். ஆகட்டுமே, எனக்குக் கோபம் ஆறவில்லை.

நிக்கோபார் தீவில், கேம்பல் பே என்ற ஊரில் காடு வெட்டி, ரோடு போட்டு, சுனாமியில் வீட்டைப் பறிகொடுத்து, மேட்டில் மறுபடி குடியேறியவன் நான். ஊருக்குப் பெயர் மட்டும் எவனோ கேம்பல். யார் அவன்? ஒரு தென்னம்பிள்ளையாவது நட்டிருப்பானா? பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கிளார்க் பாலசுப்பிரமணியத்தைக் கேட்டால், "உனக்குத்தான் அங்ரேஜி நஹி ஆதா, விடுப்பா" என்றார். எனக்கு இங்கிலீஷ் வராதாம், அதை இந்தியில் சொல்கிறார். அதையும் நான் மறக்கவில்லை.

அன்று ரேடியோவில் ஒருவர் சொன்னார். நம் கட்டுமரத்தைத்தான் வெள்ளைக்காரன் 'கட்டமரான்' என்கிறானாம். நம் கயிறுதான் அவனுக்குக் 'காயர்'. மிளகுத்தண்ணியைக்கூட விடாமல் 'மல்லிகடானி' ஆக்கிவிட்டானாம்.

"சந்திரா, இங்க வா! வெள்ளைக்காரன் திருடன்!"

என் மனைவி சந்திரமதி துடைப்பத்தோடு வந்தாள். "எதைத் திருடினான்?"

"கட்டுமரம், கயிறு, மிளகுத்தண்ணி. எல்லாம் நம்ம வார்த்தை!"

"அட! அப்புறம்?"

அப்புறம் ரேடியோக்காரர் சொன்னது சுருட்டு. அதை அப்படியே விழுங்கினேன். டாக்டர் தடை போட்டதிலிருந்து எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை. அடுத்த கப்பல் வரும்வரை எனக்கிருந்த சுருட்டெல்லாம் கட்டிலுக்கடியில், கயிற்றுச் சுருளுக்குள் கிடந்தன. மறுபடி கடல் ஏறினால் உயிர் காக்க வைத்த கயிறு அது. யாரும் தொடக்கூடாது என்பது என் சட்டம்.

"அவ்வளவுதான்" என்றேன்.

"கட்டுமரத்தை எப்படிங்க கட்டுவாங்க? இத்தனை வருஷம் தீவுல இருக்கேன், தெரியாதே!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம். நெஞ்சு நிமிர்ந்தது.

"நாலு விறகை வரிசையா வை. குறுக்கே ஒரு சுத்து சுத்தி..."

"வாயால சொன்னா எனக்கு ஏறாது. கட்டிக் காட்டுங்க. பாலு அண்ணே, ஓடி வாங்க! இவரு இங்கிலீஷ் வார்த்தைக்கு விளக்கம் சொல்றாரு!"

கிளார்க் வேலியோரம் வந்து நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலுக்கடியில் கைவிட்டேன், கயிற்றை இழுத்து வந்து முற்றத்தில் ஒரே உதறாக உதறினேன்.

சுருட்டுகள் உருண்டு போய் வேலியடியில் நின்றன.

"அரே, செரூட்!" என்றார் கிளார்க். "இதுவும் நம்ம வார்த்தைதான்பா."

சந்திரமதி நிதானமாகக் குனிந்து பொறுக்கினாள். "முந்தாநாள் கயித்தை வெயில்ல காயப்போடறப்பவே பார்த்தேன். உங்க சட்டத்தை நீங்களே மீறணும்னு திருப்பி வெச்சேன்."

"சந்திரா, ஒண்ணே ஒண்ணு..."

"இதையும் வெள்ளைக்காரன் கொண்டுபோயிட்டான்னு நெனச்சுக்குங்க."