கொர்ரண்ணாவும் பாட்டு வராத ரேடியோவும்

பாட்டு கேட்க ரேடியோ வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்தி கேட்க வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். "கொர்ர்ர்" என்ற இரைச்சலைக் கேட்பதற்காகவே ரேடியோ வைத்திருந்த ஒரே மனிதப் பிறவி இந்தப் பூமியில் எங்கள் கொர்ரண்ணாதான். அவரை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அப்புறம் ஏன் நினைக்கிறாய் என்பீர்கள். முடிந்தால் நினைக்காமல் இருக்கமாட்டேனா?

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் பேக்கிங் சூப்பர்வைசர், அவர் எலெக்ட்ரீஷியன். ஒடுகத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அவர் வைத்திருந்ததை ரேடியோ என்று சொல்வதே அநியாயம். கட்டைவிரல் அளவுக்கு ஒரு குச்சி, அவ்வளவுதான். அதை லேப்டாப்பில் செருகி, ஒரு கம்பியை ஏரியலாக மாட்டிவிட்டால், மீதி ரேடியோ எல்லாம் சாஃப்ட்வேர்தானாம். அலையைப் பிடிப்பது, வடிகட்டுவது, சத்தமாக மாற்றுவது எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் நாமே கட்டம் கட்டமாகக் கோத்துக்கொள்ள வேண்டுமாம். யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து போட்டிருக்கிறார்களாம்.

"சும்மாவா குடுக்கறாங்க?" என்று கேட்டேன்.

"சும்மாதாம்மா. உள்ள இன்னா எழுதிக்கீதுன்னு நாமளே படிக்கலாம், மாத்தலாம்."

"அப்ப ஏன் பாட்டு வரல?"

"அதான் படிச்சினு இருக்கேன்."

எட்டு மாதம் படித்தார், ஐயா, எட்டு மாதம்! அந்தக் குச்சி முதலில் டிவி பார்க்கச் செய்ததாம்; முதல் மாதம் முழுக்க லேப்டாப் அதை டிவி என்றே நினைத்துக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதன் பிடியை விடுவித்தால் கேபிளில் கோளாறு. கேபிளை மாற்றினால் புதிய சாஃப்ட்வேருக்கும் பழைய சாஃப்ட்வேருக்கும் ஆகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இடது கையால் கீபோர்டைத் தட்டிக்கொண்டு வலது கையால் சாப்பிடுவார். ஒரு நாள் இரண்டு கைக்கும் வேலை மாறிப்போய், சாம்பார் சோற்றுக் கையாலேயே தட்டிவிட்டார். அதையும் துடைத்துவிட்டு, "எர்ரர் ஒண்ணு கம்மி ஆயிடுச்சும்மா" என்று என்னிடமே சந்தோஷப்பட்டார். எனக்கு அங்கே டேப் ஒட்டும் மிஷின் நின்றுபோய் நாற்பது பெட்டி வாயைத் திறந்தபடி கிடந்தது.

கம்பெனிக்குப் பின்னாலேயே தோல் ஷெட். உயரமாக, காற்றோட்டமாக இருக்கிறதென்று அதன் மேல்மாடி உத்தரத்தில் தன் ஏரியலைக் கட்டிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை மெயின்டனன்ஸுக்கு வந்தவருக்கு எஃப்எம் கணீரென்று கேட்டது. ஆகாய விமானம் போவதெல்லாம் திரையில் புள்ளி புள்ளியாக வந்ததாம். திங்கட்கிழமை பார்த்தால் வெறும் கொர்ர். செவ்வாயும் கொர்ர். அடுத்த ஞாயிறு மறுபடியும் கணீர்! மனிதர் மூன்று தடவை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார். இன்டர்நெட்டில் இந்த ரேடியோக்காரர்கள் கூடும் இடத்தில் போய் முறையிட்டார். ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர் நாற்பது கேள்வி கேட்டார். என்ன கேபிள், எத்தனை அடி, எந்த வெர்ஷன். இவரும் நாற்பதுக்கும் பதில் எழுதினார். கடைசியில் இந்த சாஃப்ட்வேருக்கு வாரத்தில் ஆறு நாள் லீவு என்றே முடிவு கட்டிவிட்டார்.

அந்த வாரம் அவரைத் தேடி நான் மேல்மாடிக்கு ஏறினேன். ஈரத்தோல் வரிசை வரிசையாகத் தொங்கியது. குனிந்து குனிந்து, தலையில் சொட்டச் சொட்டப் போனால், அத்தனைக்கும் நடுவில் இவர் மடியில் லேப்டாப்.

"அண்ணா, இவ்ளோ ஈரத்தோலுக்குள்ள உனக்கு இன்னா வரும்? எனக்கு மூச்சே வரல!" என்று கத்தினேன்.

நிமிர்ந்து தோலைப் பார்த்தார். ஏரியலைப் பார்த்தார். ஈரத்தோல் அலையை உள்ளே விடாதாம். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தோல் கண்ணிலேயே படாது போலிருக்கிறது. சனிக்கிழமை காய்ந்த தோலை இறக்கிவிடுவார்கள், திங்கட்கிழமை ஈரத்தோலை ஏற்றுவார்கள். அது தெரியாமலா இருந்தது இந்த மனிதருக்கு? நனைந்த ஆட்டுத்தோலைப் பற்றி அந்தக் குளிர் நாட்டுக்காரரிடம் மூச்சுவிட்டிருக்க வேண்டாமா? நாற்பத்தோராவது கேள்வியாக இதைக் கேட்க அவருக்கு மட்டும் எப்படித் தோன்றும்?

சரி, சிரித்தது போதும். இனி நான் கோபப்பட வேண்டிய இடம் வருகிறது.

நாங்கள் செய்தது குழந்தைகள் ஷூ. தைக்கும்போது ஊசிமுனை உடைந்து உள்ளே தங்கிவிட்டால் எங்கோ ஒரு குழந்தையின் காலைக் குத்திவிடும். அதனால் ஒவ்வொரு ஜோடியும் என் செக்ஷனில் இருந்த ஊசி பிடிக்கும் மிஷினுக்குள் போய் வரவேண்டும். துளி இரும்பு இருந்தாலும் அது கத்தும். ஏப்ரல் மாதத்திலிருந்து அது கத்த ஆரம்பித்தது. கத்தியதெல்லாம் மதியத்துக்குமேல். மதியத்துக்குமேல் வருவதெல்லாம் மேரி தைத்த ஜோடி.

மேரி பதினோரு வருஷமாகத் தைப்பவள். கத்திய ஜோடிகளைப் பிரித்துப் பார்த்தோம். தையலைப் பிரித்தோம், அடிப்பாகத்தைக் கிழித்தோம், ஒரு ஊசியும் இல்லை. ஊசி இல்லையென்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? எங்கள் மேனேஜருக்கு, இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்! மேரிக்கு ஒரு மெமோ. அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். ஊசி விட்டவள் என்று பெயர் வாங்கியவளுக்கு ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எந்தக் கம்பெனியும் கேட்டைத் திறக்காது.

கேன்டீன் குழாயடியில் நின்று அவள் அழுததைக் கொர்ரண்ணா பார்த்துவிட்டார். மறுநாள் மதியம் லேப்டாப்போடு என் செக்ஷனில் வந்து குந்திக்கொண்டார்.

"இன்னாண்ணா, இங்கயும் வந்துட்டியா? இருக்கற பேஜார் பத்தாதா?"

"சும்மா இரும்மா. திரையப் பாரு. உன் மிஷின் கத்தறப்பல்லாம் இங்க ஒரு கோடு எகுறுது. எதுவோ ஒண்ணு அலை விடுது. இது ஊசியப் பாத்துக் கத்தல, அலையப் பாத்துக் கத்துது."

"எது விடுது?"

"ஒவ்வொண்ணா அணைச்சாதான் தெரியும்."

அணைத்தார். முதலில் கேன்டீன் கிரைண்டர். கோடு போகவில்லை. லிஃப்ட். போகவில்லை, உள்ளே மாட்டிக்கொண்ட ஸ்டோர் கிளார்க்கின் சத்தம்தான் வந்தது. பிறகு, மே மாத வெயிலில், பகல் மூன்று மணிக்கு, மேனேஜர் அறை ஏசி! கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சட்டை முதுகோடு ஒட்ட வந்தார் மேனேஜர்.

"யாருய்யா அணைச்சது?"

"நான்தான் சார். ஏசி மேல தப்பு இல்ல சார், போட்டுடறேன்."

"ரேடியோவ வெச்சு ஊசி கண்டுபிடிக்கறியா நீ? மரியாதையா போய்டு!"

கொர்ரண்ணா போகவில்லை. ஏரியலைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்தார். கோடு வளர்ந்துகொண்டே போனது. சுவருக்கு அந்தப்பக்கம் காலால் மிதித்தால் அலையால் சூடேறி உள்தோலில் கம்பெனி முத்திரை குத்தும் பிரஸ். ஏப்ரலில் வந்த புது மிஷின், மதியத்துக்குமேல்தான் ஓடும். அவர் என்னை இரண்டு அறைக்கும் நடுவில் வாசற்படியில் நிறுத்தினார். ஊசி மிஷினின் பெல்ட்டிலிருந்த அத்தனை ஷூவையும் எடுக்கச் சொன்னார். காலி பெல்ட் ஓடியது.

"மிதிக்கச் சொல்லும்மா!"

சொன்னேன். பிரஸ்ஸை மிதித்தார்கள். காலி பெல்ட்டைப் பார்த்து மிஷின் வீலென்று கத்தியது. மறுபடி மிதித்தார்கள். மறுபடி கத்தியது.

"இதுல மேரி தெச்சது எங்க சார் இருக்கு?" என்று கேட்டார் கொர்ரண்ணா.

தையல் லைன் மொத்தமும் எழுந்து நின்று பார்த்தது. மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலமே மேரியின் இரண்டு மெமோவும் ரத்து.

மறுநாள் கொர்ரண்ணாவுக்கு ஒரு மெமோ! சொந்த லேப்டாப்பை உள்ளே கொண்டுவந்தது ஒரு குற்றம், அனுமதியில்லாமல் ஏசியை அணைத்தது இன்னொன்று. "இனி இப்படிச் செய்யமாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? நல்லது செய்தவனுக்கு இதுதான் பரிசா? அதைவிட எனக்கு ஆத்திரம் இந்த மனிதர் மேல்தான். எழுதமாட்டேன் என்றுவிட்டார்.

"ஒரு வரிதானண்ணா! எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு. வீட்ல சோறு வேணாமா?"

"எப்டிம்மா எழுதறது? நாளிக்கு இன்னொரு மிஷின் கத்தும். இன்னொரு பொண்ணு மேல பழி போடுவாங்க. அப்ப அணைச்சுதான பாக்கணும்?"

"அத அப்ப பாத்துக்கலாம்."

"எழுதிக் குடுத்துட்டு எப்டிம்மா அணைக்கறது?"

வேலை போனால் போகட்டும் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அலை வெளியே வராதபடி பிரஸ்ஸைச் சுற்றித் தகடு அடித்து எர்த் போட்டுச் சரிசெய்ய, வெளியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். அவருக்கு மேனேஜர் கைகுலுக்கியதை இந்தக் கண்ணாலேயே பார்த்தேன்.

மேரி இன்றும் அங்கேதான் தைக்கிறாள். கொர்ரண்ணா ஒடுகத்தூரில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் செய்கிறார். போன வாரமும் போனில் அரைமணி நேரம் திட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், கடைசியில் புது வெர்ஷன் வந்திருக்கிறது, அதுவும் ஓடவில்லை என்றார். கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

இந்தக் கோபம் எனக்கு இந்த ஜென்மத்தில் தீராது. ஆனால் செய்யாத தப்புக்கு நாளைக்கு என் மேல் ஒரு பழி விழுந்தால், முதல் போன் கொர்ரண்ணாவுக்குத்தான். வீட்டுக்காரருக்குக்கூட அப்புறம்தான்.