ஓரத்துக் கட்டைக்கும் ஒரு பொட்டு

கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினால் முறைத்துவிட்டுப் போகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கோபம் சந்தனத்தின் மேல் இல்லை, என் மனைவியின் தம்பி தேவராஜ் மேல். (ஊரில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.)

தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டில் நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடிக்கொண்டிருந்தேன். (கேட்பதற்குத்தான் வேறு ஆள் தேவைப்பட்டது.) திடீரென்று கிடாரை மூட்டை கட்டிவிட்டு, கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவிடமிருந்து பதினைந்து வருஷப் பழைய கீபோர்டு ஒன்றை வாங்கினேன். பழைய எலெக்ட்ரானிக் ஓசைகளை வைத்துப் புதிய இசை படைக்கப்போகிறேன் என்று திமிராகச் சொல்லித் திரிந்தேன். மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் மேனேஜர் ஒருவர், "மேடையில ஒரு தடவ கேக்கறேன். புடிச்சா சனிக்கிழமைதோறும் நீங்கதான்" என்றார். அந்தச் சனிக்கிழமைகளுக்காகவே உயிர் வாழ்ந்தேன்.

மேடை கொடுத்தது தேவராஜ். மறைமலைநகரில் அவன் வேலை செய்த தொழிற்சாலையில் ஆயுத பூஜை விழா. மேனேஜரும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். பூஜை நேரத்தில் தேவராஜ் சந்தனக் கிண்ணத்தோடு மேடையேறினான்.

"இன்னா மாமா, ஸ்பேனருக்கே பொட்டு வெச்சிகினு கீறோம். உன் பொட்டிக்கு வாணாவா?"

கீபோர்டின் கட்டைக்குக் கட்டை சந்தனத்தை அப்பினான். நான் கைகூப்பி நின்றேன்.

சுண்டலும் பேச்சுகளும் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து என் முறை வந்தது. ஏறி இறங்கும் ஒரு நீண்ட ஊளை நாலு எண்ணிக்கை ஒலிக்கும், அது நின்றதும் நான் பாடுவேன். அதுதான் என் புரட்சி. ஓரத்துக் கட்டையை அழுத்தினேன், ஊளை கிளம்பியது. விரலை எடுத்தேன், கட்டை எழும்பவில்லை. இடுக்கில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. நிறுத்தினால் கௌரவம் போய்விடுமே! கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊளைக்கு மேலே கத்திப் பாடினேன்.

கண்ணைத் திறந்தபோது நாற்காலிகள் மட்டும் இருந்தன.

அங்கே தீ அபாயச் சங்கும் அச்சு அசலாக அப்படித்தான் ஊதுமாம். முந்தைய வாரம்தான், ஒத்திகையில் ஆடி அசைந்து வெளியேறியதற்காக எல்லோரும் திட்டு வாங்கியிருந்தார்கள். இந்தத் தடவை ரோஷத்தோடு ஓடிப்போய் மைதானத்தில் வரிசை கட்டி நின்றார்கள். பாதுகாப்பு அதிகாரி தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆளு ஜாஸ்தியா வர்துபா!"

மூன்று முறை எண்ணினார்கள். (அந்த ஜாஸ்தி ஆள் என் ஓட்டல் மேனேஜர். எண்ணி முடித்ததும் மாமல்லபுரத்துக்குக் கிளம்பியவர், அப்புறம் என் போனையே எடுக்கவில்லை.)

அதிகாரி மேடைக்கே வந்து என் கையைக் குலுக்கினார். "சூப்பர் சார், ரெண்டே நிமிசத்துல மொத்த பேரும் வெளில! அடுத்த ட்ரில்லுக்கும் நீங்களே வந்துடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் மேடைக்குத் திரும்பி வந்து வயரைப் பிடுங்கி ஊளையை நிறுத்தியிருந்த தேவராஜின் சட்டையைப் பிடித்தேன். "என் வாழ்க்கையே உன்னாலதான்டா நாசமாச்சு!"

அவன் அசரவில்லை. "நான் ஓரத்துக் கட்டைய வுட்டுட்டேன் மாமா. 'அதுக்கும் வைடா'ன்னு வெரலு நீட்டி காட்னது நீ."

உண்மைதான். அதைச் சொன்னதற்காகவும் அவன் மேல் கோபம்.

இன்றுவரை அந்தப் பாட்டை ஒருவரும் முழுசாகக் கேட்டதில்லை. வீட்டில் நான் தொண்டையைச் செருமினாலே போதும், மனைவி, மகள், தேவராஜ் மூவரும் எழுந்து வாசலில் வரிசையாகப் போய் நின்றுவிடுவார்கள். போன தீபாவளிக்கு மகள் தலைகளை எண்ணிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஒரு ஆளு கொறையுதுப்பா. நீயும் வா."

போய் நின்றேன். கோபமாகத்தான் நின்றேன்.