ஒண்ணும் ஆகாது ஆசாமியும் ஓர் ஆமைத் தொட்டியும்

உலகத்தில் "ஒண்ணும் ஆகாது" ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. உங்கள் ஈரக் கையைச் சுவிட்சுக்கு அனுப்புவார், போன வருடத்து மாத்திரையை உங்களுக்குத் தேடி எடுத்துக் கொடுப்பார், ஆடுகிற ஏணியில் உங்களை ஏற்றிவிட்டுக் கீழே நின்று தைரியம் சொல்லுவார். கவனித்தீர்களா? ஏறுவது நீங்கள்.

இந்த இனத்தில் ஒருவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். அவர் பொறுப்பிலிருந்த கட்டடத்தில் ஆறாவது மாடிக்காரர்கள்கூடப் படியேறிப் போனது உடற்பயிற்சிக்காக அல்ல.

அவருடைய மனைவியின் தங்கை மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவள். அக்கா வீட்டிலேயே தங்கியிருந்த அவள், தன் தரை ஆமைக்காகப் பால்கனியில் அகலமான தொட்டி ஒன்று செய்து மண் நிரப்பினாள். உள்ளே உயிர்ச்செடி வைக்க ஆசை. எதைக் கடித்தாலும் ஆமைக்குக் கெடுதல் வரக்கூடாதே என்று ஒரு வாரம் படித்து, நாலு பேரிடம் விசாரித்து, செம்பருத்தி, அருகம்புல், முள் எடுத்த சப்பாத்திக்கள்ளி என்று முடிவு செய்தாள். வாங்கியதையும் உடனே நடவில்லை. பூச்சிமருந்து போக இலையைக் கழுவி, உரம் கலந்த மண்ணை உதறி, சுத்தமான மண்ணில் தனியே வைத்திருந்தாள்.

அத்தானுக்குப் பொறுக்கவில்லை.

"ஆமைக்கா இவ்வளவு உபசாரம்? அது என்ன மாப்பிள்ளையா?"

"வாயில்லா ஜீவன் அத்தான். வலிச்சாலும் சொல்லாது."

"காட்டுல அதுக்கு யாரு பட்டியல் போட்டுக் குடுத்தா? எல்லாம் இயற்கைம்மா! ஒண்ணும் ஆகாது."

பாம்பின் விஷமும் இயற்கைதான் என்று இவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லக்கூடாதா? சொல்லலாம். கேட்கக் காது வேண்டுமே!

மறுநாள் அவள் வேலைக்குப் போன சமயம் பார்த்து அத்தான் செடிக்கடைக்குப் போனார். அலுவலக வரவேற்பறைகளில் நிற்குமே, பெரிய பச்சை இலையில் வெள்ளை தெளித்த செடி, அதில் ஒன்றைத் தூக்கினார்.

"பால் பட்டா அரிக்கும் சார். குழந்தைங்க இருக்கிற வீட்டுல வேணாம்" என்றார் கடைக்காரர்.

"குழந்தை இல்ல, ஆமைதான்" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, கொண்டுவந்து தொட்டியின் நடுவில் நட்டு, நாலு கோணத்தில் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவள் வந்தபோது ஆமை வாயை மூட முடியாமல் நின்றது. வாயோரம் நுரை. இலையில் ஒரே ஒரு கடி.

"என்னத்த வெச்சீங்க அத்தான்?"

"அழகா இருக்கட்டுமேன்னு வெச்சேன். ஒரு கடிக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. இதோ பாரு!"

வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் பேச்சைத் தானே நம்பி, இலையில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது, நாக்கு வீங்கியது, அதற்குமேல் வந்ததெல்லாம் "ப்ளா... ப்ளா..."

தங்கை ஆமையைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். அக்கா மிச்சத்தை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

வாயைக் கழுவி, மருந்து கொடுத்து, பத்து நாள் பக்கத்திலேயே கிடந்து அவள் ஆமையைத் தேற்றினாள். அத்தானுக்கு மூன்று நாள் பேச்சு வரவில்லை. வீட்டில் அப்படியொரு நிம்மதி! விசாரிக்க வந்தவர்கள்கூடக் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் வீக்கம் வடிந்தது. வெட்கப்பட்டிருப்பார் என்கிறீர்களா?

"ஆமையும் தின்னுச்சு, நானும் தின்னேன். ரெண்டு பேரும் உயிரோடதானே இருக்கோம்? அப்ப நான் சொன்னதுதானே சரி?"

மைத்துனி தொட்டி மண் முழுவதையும் மாற்றினாள். மேலே கம்பிவலை மூடி போட்டுப் பூட்டினாள். பூட்டு ஆமைக்காக அல்ல.

நல்லவேளை, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்: உங்கள் வீட்டில் அண்மையில் எதையாவது பூட்டியிருக்கிறார்களா? சாவி எங்கே என்றால் பேச்சை மாற்றுகிறார்களா?