மோதினார் அறிவித்த யானை

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததிலும் பாதி மறந்துபோகிறது. ஆனால் அந்த யானை மட்டும் மறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்போம். மாப்பிள்ளை வந்து அங்கே குடியிருப்பார். அதனால் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் வீட்டையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். என் கடைசி மகள் சிபானாவுக்குக் கட்டிய வீடு நற்பிட்டிமுனையில் வயல் ஓரத்தில் இருக்கிறது. ஊருக்குத் தூரம் என்று சொல்லி இரண்டு சம்பந்தம் விட்டுப்போயிற்று. மூன்றாவதாக அட்டாளைச்சேனையிலிருந்து வருகிறோம் என்றார்கள். இதுவும் போனால் என்ன செய்வது என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சிபானா இரண்டாம் வகுப்பு டீச்சர். அவர்கள் வருகிற நேரத்திலும் மறுநாள் பாடத்துக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றின வளவில் நின்றாள். பால் பொங்குகிற சத்தம் கேட்டது.

"உம்மா, இத இப்பிடியே பிடிச்சிட்டு நில்லுங்க, வாறன்" என்று போனை என் கையில் வைத்துவிட்டு ஓடினாள்.

பார்த்தேன். போனுக்குள் எங்கள் வளவு. எங்கள் கிணறு. கொடியில் என் பச்சைச் சேலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கொம்பன் யானை காதை ஆட்டிக்கொண்டு நின்றது.

(தலையை நிமிர்த்தி ஒருதரம் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. யானையைக் கண்டவள் அதை இன்னொரு தரம் பார்க்க நிமிர்வாளா, நீங்களே சொல்லுங்கள்.)

போனை எறிந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். நான் கதைத்தால் அடுத்த அறைக்கே கேட்காது. அப்படிப்பட்டவள் வேலியில் நின்று "யானை, யானை" என்று கத்தியதில், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற பக்கத்து வீட்டு மோதினார் சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார். வயலில் நெல் வேளாண்மை விளைகிற காலம் அது. யானை இறங்கும் என்று எல்லோரும் பயந்திருந்த நேரம். மனுஷன் என் முகத்தைப் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. நேரே பள்ளிவாசலுக்குப் போனார்.

ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. வயல் கரை வீடுகளில் யானை நிற்கிறது, ஜமாஅத்தார் யாரும் வெளியே வர வேண்டாம் என்றது.

எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கைக்குள் திரும்பிய மாப்பிள்ளை வீட்டு வேன் அதைக் கேட்டுவிட்டு, வந்த வேகத்தை விட வேகமாகப் பின்னால் போனது.

சிபானா கண்ணாடி மட்டும் கீறிப்போன போனோடு வந்தாள்.

"உம்மா, அது நம்மட வளவுக்குள்ள நிக்கிற மாதிரி போன் காட்டுற யானை. புள்ளைகளுக்குப் படிப்பிக்கிறதுக்கு."

"போன் காட்டுற யானை நம்மட கிணத்தடியில எப்பிடி வந்து நிக்கும்?" என்று கேட்டேன். அவள் அழுதாள். அப்போதுதான் வளவைத் திரும்பிப் பார்த்தேன். சேலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. யானை நின்றிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் உம்மா எங்களுக்குப் போன் எடுத்தா. "குறை நினைக்காதீங்க ராத்தா. யானை வாற ஊட்டுல எங்கட மகன எப்பிடி விடுற?"

அந்நிய மனிதரோடு போனில் கதைக்க எனக்கு நா எழும்பாது. சிபானா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யானை வரல்ல தங்கச்சி" என்றேன். "நான்தான் போனுக்குள்ள கண்டு ஓடின. எனக்குப் புத்தி இல்லாத குத்தத்துக்கு என்ட புள்ளைய விட்டிராதீங்க."

முடிந்தது என்று நினைத்தேன். பிறகு மெதுவாக ஒரு கேள்வி வந்தது: "அந்த யானைய எனக்கும் காட்டுவீங்களா?"

வெள்ளிக்கிழமை வந்தார்கள். சம்பந்தியம்மா பெண்ணையும் பார்க்கவில்லை, வீட்டையும் பார்க்கவில்லை. போனை வாங்கி அதற்குள் வளவைப் பார்த்தா. பார்த்த கையோடு மகனுக்குப் பின்னால் போய் ஒளிந்தா. அன்றைக்கே நாள் குறித்தோம்.

இப்போது மருமகன் வேலையால் வந்து வேலிப் படலையைத் திறக்க முதல், "மாமி, உள்ளுக்கு வரலாமா, நிக்குதா?" என்று கேட்டுத்தான் வருவார்.

வேன் வெள்ளையா நீலமா, அறிவித்தது அசர் தொழுகைக்கு முன்னா பின்னா என்பது எனக்கு நினைவில்லை. யாராவது மோதினாரிடம் கேட்டுச் சரிபார்த்துத் தாருங்கள். யானைக்குக் கொம்பு இருந்ததா என்று மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம். இருந்தது. நான் கண்டேன்.