மேற்படி பூங்காவில் கால் வைக்க மாட்டோம்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நாற்பத்திரண்டு வீடுகள் உள்ள ஒரு தெருவின் பின்பக்கம் ஒரு காலி மனை இருந்தது. அதில் முள்ளுச்செடி இருந்தது, கால் உடைந்த சோபா ஒன்று இருந்தது, எந்த வீட்டில் எது கெட்டுப்போனாலும் பின்சுவருக்கு மேலே ஒரு வீசு வீசினால் போய் விழ இடமும் இருந்தது. பாம்பு இருப்பதாகவும் சொல்வார்கள். பாம்பைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் பார்த்தவரைத் தெரியும் என்றவர்கள் நாலு பேராவது இருந்தார்கள்.

இந்த மனையில் பொதுப் பூங்கா அமைக்கப் போவதாகவும், ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்றும் நகராட்சி ஒரு தகரப் பலகையை நட்டுவிட்டுப் போனது.

பலகையை முதலில் படித்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஏதோ ஒரு அரசாங்க அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் அடுத்தவர் மனுக்களைப் படித்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். காய்கறி வண்டிக்காரரிடம் பேசினாலும் "மேற்படி தக்காளி என்ன விலை?" என்றுதான் வாயில் வரும். அதனால் பெற்றவர்கள் வைத்த பெயர் போய், தெருவுக்கே அவர் மேற்படியார் ஆகிவிட்டார்.

பலகையைப் படித்த மேற்படியாருக்கு உடம்பு சிலிர்த்தது. பூங்கா நல்லதா கெட்டதா என்றெல்லாம் அவருக்குத் தோன்றவே இல்லை. ஆட்சேபணை என்ற ஒரு சொல்தான் கண்ணில் பட்டது. மூன்று வருஷமாகச் சும்மா கிடந்த பேனாவுக்கு வேலை வந்துவிட்டது, அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார்.

வீட்டுக்குள் வீட்டம்மா நடந்துகொண்டிருந்தார். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, தினமும் நாற்பது நிமிஷம் நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாசத்தில் ஊசிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தெருவில் நடந்து பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு ஸ்கூட்டர் வந்து இடித்தது. அதிலிருந்து வீட்டுக்குள்ளேயே நடை. அடுப்படியிலிருந்து வாசல் கதவுக்குப் பதினோரு எட்டு, திரும்பினால் பதினோரு எட்டு. சாப்பாட்டு மேஜையின் முனை இடித்து இடித்து இடுப்பில் ஒரே இடம் கன்றிப்போயிருந்தது.

"ஏங்க, பின்னாடி பார்க் வருதாமே!" என்றார் வீட்டம்மா, எட்டாவது எட்டில் நின்று. "நடக்கறதுக்குப் பாதை போடுவாங்களாம். எனக்கு உசிரே வந்த மாதிரி இருக்கு."

"அது விஷயமாத்தான் எழுதப் போறேன்" என்று காகிதத்தைத் தேடினார் மேற்படியார்.

"சீக்கிரம் போடச் சொல்லியா?"

மேற்படியார் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. பதில் சொல்லாமல் இருக்கும் பழக்கம் மட்டும் முப்பத்துநாலு வருஷமாக உண்டு.

சங்கத் தலைவர் பல் டாக்டர். அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறைதான் சங்கத்தின் கூட்ட அரங்கம். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு சொத்தைப் பல்லின் படம். அதன்கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் தெருவே கூடியது.

"பூங்கா வந்தா என்ன ஆகும்? தைரியமா சொல்லுங்க" என்று ஆரம்பித்தார் பல் டாக்டர்.

"பெஞ்ச் போடுவாங்க" என்றார் ரெண்டு கார்க்காரர். வீட்டில் ஒரு காரும் காலி மனையில் ஒரு காரும் நிறுத்துகிறவர் அவர்.

"போட்டா?"

"உட்காருவாங்க."

"உட்கார்ந்தா?"

"பேசுவாங்க. பேசினா சிரிப்பாங்க. நம்ம வீட்டு ஜன்னலுக்குக் கீழ முன்னபின்ன தெரியாதவன் சிரிப்பான் சார்! எதுக்குச் சிரிக்கறான்னு நமக்குத் தெரியவும் தெரியாது."

கூட்டம் அதிர்ந்துபோனது. அந்தக் கோணத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை.

அடுத்து மூச்சு டீச்சர் எழுந்தார். இந்தம்மா மூச்சு விடுவது எப்படி என்று செல்போனில் வகுப்பு எடுக்கிறவர். இப்போது அதுதான் மோகம். பிறந்ததிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர்களே காசு கட்டிப் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்கள். "தயார் பண்ணாத காத்தை ஜனங்க இஷ்டத்துக்கு இழுத்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்? மரம் வேற வெப்பாங்களாம். கட்டுப்பாடே இல்லாம காத்து வரும்" என்றார்.

"அந்த இடம் இயற்கையா இருக்கு. அதைப் போய் செடி வெச்சுக் கெடுக்கறாங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த இயற்கையின் நடுவில் கிடந்த சோபா அந்தக் குரலுக்குச் சொந்தமானது.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட மேற்படியார் தொண்டையைச் செருமினார். "வெறும் கையெழுத்து போட்டு அனுப்பினா கட்டி மூலைல போட்டுடுவாங்க. நான் எத்தனை போட்டிருக்கேன்! மனு கனமா இருக்கணும். வீட்டுக்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம். குடும்பத் தலைவர் கையெழுத்து, குடும்பத்துல எல்லாருடைய போட்டோவும் இணைப்பு. பார்த்த உடனே ஆடிப்போயிடணும்."

மூன்று நாள் உட்கார்ந்து அந்த வாசகத்தை எழுதினார். அப்படியே தருகிறேன்: 'மேற்படி முகவரியில் வசிக்கும் நானும், என் குடும்பத்தாரும், எனக்குப்பின் என் வாரிசுகளும், மேற்படி பூங்காவால் எவ்விதப் பயனும் அடைய விரும்பவில்லை என்றும், எக்காலத்தும் எக்காரணம் கொண்டும் மேற்படி பூங்காவில் கால் வைக்க மாட்டோம் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' இதற்குப்பின் 'வெளியாட்கள் வந்து கூட்டம் கூடி அமைதி கெடும்' என்று தொடங்கி பதினேழு காரணங்கள்.

வாரிசுகளைச் சேர்த்ததில் அவருக்குத் தனிப் பெருமை. எழுதி முடித்ததும் தானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். வீட்டம்மாவின் போட்டோவுக்கு என்ன செய்வது? கேட்டால் எதற்கு என்று கேள்வி வரும். பீரோவைத் திறந்து கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றைச் சத்தமில்லாமல் உரித்து ஒட்டினார்.

இருபது நாளில் நகராட்சியிலிருந்து பதில் வந்தது. 'தங்கள் ஆட்சேபணை முழுமையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.' ஒரே வரி. தெரு துள்ளிக் குதித்தது. பல் டாக்டர் அன்று ஒருநாள் இலவசமாகப் பல் பிடுங்கினார். சும்மா கிடைக்கிறதே என்று ரெண்டு கார்க்காரர் நல்ல பல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் காலி மனைக்குள் மண்வாரி இயந்திரம் இறங்கியது.

மேற்படியாரும் பல் டாக்டரும் அலறியடித்துக்கொண்டு நகராட்சிக்கு ஓடினார்கள். பூங்காப் பிரிவு அதிகாரி ஓர் அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இருவரையும் உட்காரச் சொன்னார்.

"ஏத்துக்கிட்டோம்னு எழுதியிருக்கீங்களே!" என்று கடிதத்தை நீட்டினார் மேற்படியார்.

"ஆமா சார். முழுசா ஏத்துக்கிட்டோம்."

"அப்புறம் எதுக்குப் பூங்கா கட்டறீங்க?"

"பூங்கா உங்களுக்கு வேணாம்னு எழுதியிருந்தீங்க. உங்களுக்குக் குடுக்கலியே! ஊருக்குத்தான் கட்டறோம். கேட் மெயின் ரோட்டுப் பக்கம். உங்க தெருப் பக்கம் எட்டடிச் சுவர். சிரிப்புச் சத்தம் தொந்தரவுன்னு ஒன்பதாவது காரணம். அதனால பெஞ்ச் எல்லாம் உங்களுக்கு முதுகு காட்டித் திரும்பியிருக்கும். சிரிக்கறவங்க அந்தப் பக்கமா சிரிச்சுக்குவாங்க. உங்க ஆட்கள் யாரும் தப்பித்தவறி உள்ள வந்துடாம இருக்க, நீங்க குடுத்த போட்டோவெல்லாம் வாட்ச்மேன்கிட்ட ஆல்பமா போட்டுக் குடுத்துட்டோம். இவ்வளவு பொறுப்பா யாருமே மனு குடுத்ததில்ல சார்."

"இது... இது எந்த விதியில இருக்கு?"

அம்மாள் மேஜை இழுப்பறையிலிருந்து பழுப்பேறிய ஒரு சுற்றறிக்கையை எடுத்து வைத்தார். 'ஆட்சேபணையை நிராகரித்தால் மேல்முறையீடு வரும். ஏற்றுக்கொண்டால் எதுவும் வராது. ஆகவே எல்லா ஆட்சேபணைகளும் ஏற்றுக்கொண்டே முடிக்கப்பட வேண்டும்.' பத்தொன்பது வருஷத்துக்கு முந்தையது. எல்லா அலுவலகங்களுக்கும் போனது. ஓரத்தில், வரைவு தயாரித்தவர் என்ற இடத்தில், மேற்படியாரின் சுருக்கொப்பம்.

"அருமையான சுற்றறிக்கை சார்" என்றார் அம்மாள், மனசாரத்தான்.

பூங்கா திறந்தது. பாழாய்ப்போன பூங்கா அழகாகவும் இருந்து தொலைத்தது. நடைபாதை போட்டு, புல்தரை அமைத்து, நிழலுக்கு வளர்ந்த மரங்களையே வேரோடு கொண்டுவந்து நட்டிருந்தார்கள். ஊரெல்லாம் வந்து நடந்தது. தெருக்காரர்கள் மொட்டை மாடியில் நின்று, ஊரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாளில் பொறுக்க முடியாமல் பல் டாக்டர், தொழிலுக்கு வைத்திருந்த முகமூடியை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். "கழட்டுங்க டாக்டர்" என்றார் வாட்ச்மேன், ஆல்பத்தைப் புரட்டியபடி.

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டம்மாவும் போயிருந்தார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார்.

"என் கல்யாண போட்டோவையா குடுத்தீங்க?"

மேற்படியார் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

"முப்பத்திரண்டு வருஷம் கழிச்சும் அந்த வாட்ச்மேன் பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டான். அப்படியே இருக்கீங்கம்மான்னான்" என்றார் வீட்டம்மா. ஒரு நொடி முகம் மலர்ந்தது. மறுநொடி குரல் உடைந்தது. "எனக்கு நடக்கணும்னு உங்களுக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சுதானே எழுதினீங்க? நான் மேஜையில இடிச்சுக்கிட்டுச் சாகணுமா?"

மேற்படியார் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். இப்படி ஒரு கேள்வி எந்த மனுவிலும் அவருக்கு வந்ததில்லை.

வீட்டம்மா பத்திரத்தின் நகலை வாங்கி ஒரு தடவை நிதானமாகப் படித்தார். 'மேற்படி முகவரியில் வசிக்கும்' என்ற இடத்தில் விரலை வைத்தார். மறுநாள் காலையில் ஒரு பெட்டியோடு, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்குக் குடிபோய்விட்டார். முகவரி மாறியதற்குச் சான்று வாங்கி வாட்ச்மேனிடம் காட்டினார். ஆல்பத்திலிருந்து கல்யாண போட்டோவை உரித்து அவர் கையிலேயே கொடுத்து, கதவைத் திறந்துவிட்டார் வாட்ச்மேன்.

அதன்பிறகு தினம் சாயங்காலம் மேற்படியார் பின்சுவரை ஒட்டி ஏணி போட்டு ஏறி நிற்பார். வீட்டம்மா நடப்பார், அவர் பார்ப்பார். ஆறு வாரத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதாகச் சகலை வந்து சொல்லிவிட்டுப் போனார். மேற்படியாருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு தனியாகச் சோறு வடித்துச் சாப்பிடுவது மட்டும் சிரமமாக இருந்தது.

ஒருநாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இந்தாம்மா, கொஞ்சம் நில்லேன்" என்று கெஞ்சினார். "வாபஸ் மனு எழுதிட்டேன். நாப்பத்திரண்டு வீட்டு உறுதிமொழியும் ரத்து. எல்லாரும் உள்ள வரலாம். நீயும் வீட்டுக்கு வந்துடலாம்."

வீட்டம்மா நின்றார். "எல்லாரும்னா, ரெண்டு கார்க்காரருமா?"

"ஆமா."

"மூச்சு டீச்சர்?"

"வகுப்பையே அந்தப் புல்தரைலதான் வெக்கப் போறாங்களாம்."

"சங்கக் கூட்டம்?"

"அதுவும் அங்கதான். எத்தனை நாள் சொத்தைப் பல்லைப் பார்த்துக்கிட்டே உட்கார்றது? பெஞ்செல்லாம் வேற சும்மாதானே கிடக்கு."

"ஓஹோ" என்று சொல்லிவிட்டு வீட்டம்மா நடையைத் தொடர்ந்தார். அந்த ஓஹோவை மேற்படியார் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வாபஸ் மனு போனது. விதிப்படி நகராட்சி மறுபடி ஒரு தகரப் பலகை நட்டது, இந்தத் தடவை பூங்காவுக்குள். 'மேற்படி தெருவினரை அனுமதிப்பதில் ஆட்சேபணை உள்ள பூங்காப் பயனாளிகள் முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.'

முப்பத்தோராம் நாள் மேற்படியார் நல்ல சட்டை போட்டுக்கொண்டு அதிகாரி அம்மாள் முன் உட்கார்ந்தார்.

"ஆட்சேபணை வந்திருக்கு சார்" என்றார் அம்மாள். "ஒரே மனுதான். இருநூத்து அறுபது பேர் கையெழுத்து போட்டிருக்காங்க."

மேற்படியார் வாங்கிப் படித்தார். 'வெளியாட்கள் வந்து கூட்டம் கூடி அமைதி கெடும்' என்று தொடங்கியிருந்தது. பதினேழு காரணங்களும் வரிசை மாறாமல் இருந்தன. சிரிப்புச் சத்தத்துக்குப் பதிலாகக் கூட்டம் போடும் சத்தம், அது ஒன்றுதான் மாற்றம். முதல் கையெழுத்து குண்டு குண்டாக, சமையல் சாமான் பட்டியலில் முப்பத்திரண்டு வருஷமாக அவர் பார்த்துவந்த எழுத்தில் இருந்தது.

பேனாவை எடுத்துக் குற்றம் தேடினார். ஒரு புள்ளி, ஒரு கமா, ஏதாவது ஒரு ஓட்டை அகப்படாதா என்று மூன்று தடவை படித்தார். ஒன்றும் அகப்படவில்லை. வாரிசுகளைக்கூட விடாமல் சேர்த்திருந்தார்கள்.

"இதை நிராகரிக்க முடியாதா?"

"எப்படி சார்? உங்க சுற்றறிக்கை இருக்கே" என்றார் அம்மாள் வருத்தத்தோடு. பிறகு, "இந்த முதல் கையெழுத்து உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்கதான்" என்றார் மேற்படியார். "முன்ன எங்க தெருவுல இருந்தாங்க."

கிளினிக்கில் சொத்தைப் பல்லின் கீழே தெருவே காத்துக்கொண்டிருந்தது. அவர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் பல் டாக்டர்.

"மனுவை முழுசா ஏத்துக்கிட்டாங்க" என்றார் மேற்படியார்.

யார் கொடுத்த மனு என்று யாரும் கேட்கவில்லை. மற்ற நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் கைதட்டினார்கள்.