ஊதா நாக்குகள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் பூமாதேவி ரத்தினம் ஈன்றுகொண்டிருந்தாள். அதுவும் சனி, ஞாயிறுகளில் மட்டும், பார்க்கிங் வசதியோடு! பிரசவம் பார்ப்பவர் ரத்தினஜோதி சுவாமிகள். கண்ணை மூடி, காய்ந்த மணலைக் காலால் தட்டி, "இங்கே தோண்டு" என்பார். தோண்டினால் ஊதா நிறத்தில் கல் வரும். சர்க்கரை, கடன், கல்யாணத் தடை எல்லாவற்றுக்கும் அதே கல்தான். பூமாதேவிக்கு வேறு கலர் கிடைக்கவில்லை போலும்.

பிரபாவதி அங்கே வந்தது பக்தியால் அல்ல, புருஷனால். தனகோடிக்குக் கல் பைத்தியம். கூடுவாஞ்சேரியிலிருந்து அவனும் அவனைப் போன்ற சிலரும் வார இறுதி என்றால் சுத்தியலும் உளியுமாகக் கிளம்பிவிடுவார்கள். செங்கல்பட்டுக் குன்றடியில் தோண்டி, கிடைத்த கல்லை உடனே நக்கிப் பார்ப்பார்கள். தூசி படிந்த கல் ஈரமானால்தான் அசல் நிறம் தெரியுமாம். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டு, அம்மா வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று அவள் யோசித்ததுண்டு.

இந்த வாரம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தனகோடியின் சிறுநீரகத்திலேயே ஒரு கல். திங்கட்கிழமை ஆபரேஷன். தள்ளிப்போட்டால் சிறுநீரகமே கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவனோ ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே வந்து நின்றுகொண்டு ஆபரேஷனே வேண்டாம் என்கிறான்.

"சாமி கல்ல இடுப்புல கட்னா உள்ள கீற கல்லு கரைஞ்சிடுமாம், பிரபா."

"யோவ், எத்தினி கல்லு பாத்தவன் நீ! ஒடச்சிப் பாருய்யா."

"சுத்தி பட்டா சாபமாம். தண்ணியும் படக்கூடாதாம், சக்தி எறங்கிடுமாம்."

உடைக்கக் கூடாது, நனைக்கக் கூடாது. உண்மை தெரிய இருக்கிற இரண்டு வழியும் அடைத்தாயிற்று! அவனோடு வந்திருந்த, கல்லைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற அந்தக் குழு முழுவதும் சுத்தியல்களை வாசலில் போட்டுவிட்டு, கைகட்டி வரிசையில் நின்றது.

சுவாமிகள் தட்டினார். தனகோடி தோண்டினான். ஊதாக் கல் வந்தது. ஆனந்தத்தில் பழக்கம் முந்திக்கொண்டது. நாக்கை நீட்டி ஒரே நக்கு!

நாக்கு ஊதாவாகிவிட்டது.

கூட்டம் வாய் பிளந்தது. சுவாமிகள் ஒரு நொடி திகைத்தார். ஒரே நொடிதான், தொழில்காரர் அல்லவா! "சக்தி நாக்கில் ஏறிவிட்டது! இனி வாக்குப் பலிக்கும்!" என்று கூவினார். அவ்வளவுதான். ஆளுக்கொரு கல்லை எடுத்தார்கள். பாங்க் மேனேஜர் நக்கினார். ஓய்வுபெற்ற இன்ஜினியர் இரண்டு தரம் நக்கினார். ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டி, செல்ஃபி எடுத்துக்கொண்டு குதித்தார்கள். பிரபாவதிக்கே சிரிப்புப் பீறிட்டது. கூடவே பயமும். நாளைக்கு இந்த மனுஷன் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா?

அவள் சண்டை போடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு கல்லைப் போட்டுக் கலக்கினாள். தண்ணீர் ஊதாவானது. கல் வெளுத்தது. ரோட்டோரம் கேட்பாரற்றுக் கிடக்கிற வெறும் வெள்ளை வெங்கச்சங்கல்! டம்ளரை இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினாள்.

"சாமி, சக்தி மொத்தமும் தண்ணியில எறங்கிகீது. நீங்க ஒரு மடக்கு குடிச்சிட்டு, மீதிய எங்க வூட்டுக்காரருக்குக் குடுங்க."

"அடியேன் இன்று விரதம்."

"தண்ணி குடிச்சா வெரதம் கெடாது சாமி."

"குடிங்க சாமி!" என்றன ஊதா நாக்குகள், பக்தியோடு.

தனகோடிக்குப் பொறுக்கவில்லை. "சாமிய இன்னாத்துக்குத் தொந்தரவு பண்றீங்க? நானே குடிச்சிடறேன்" என்று டம்ளரைப் பிடுங்கி வாயருகே கொண்டுபோனான்.

சுவாமிகள் பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். "டேய், துணிக்குப் போடற சாயம்டா அது! செத்துகித்து வெச்சா போலீசு என்னத்தான்டா புடிக்கும்!"

பாதிக் கூட்டம் வாய் கொப்பளிக்கப் பக்கத்திலிருந்த கடலுக்கு ஓடியது, மீதி சுவாமிகளைப் பிடித்து உட்கார வைத்தது. அவருடைய ஆசனத்துக்கு அடியில் பூமாதேவி இன்னும் ஈனாத ரத்தினங்கள் ஒரு மூட்டை இருந்தன.

தனகோடி மணலில் உட்கார்ந்துவிட்டான். "எனக்குக் கத்தின்னா பயம், பிரபா. அதான் நம்பிட்டேன்."

"எனக்கு மட்டும் பயம் இல்லியா? நான் கூடவே கீறேன்ல, எழுந்திரு" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். பார்த்ததும் பதறிப்போனார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"நம்பிக்கை, டாக்டர்" என்றாள் பிரபாவதி.

நாக்கில் ஏறிய சாயம் போய்விடும். மூளையில் ஏறிய சாயத்துக்கு வங்கக் கடலே போதாது. ஆகவே மகாஜனங்களே, எதைச் சோதிக்காதே என்று சாமி சொல்கிறாரோ, அதை முதலில் சோதித்துப் பாருங்கள்!