நெல்லுக்குச் சுகமில்லை

"இத எங்க வைக்கிற, மகள்?" என்று கேட்டுக்கொண்டே நெல் மூடையை அலுவலகத்துக்குள் உருட்டிவிட்டார் கோலாட்டம் போலப் பொல்லடிக்கும் குழுவின் தலைவர், அண்ணாவியார் அபுல் ஹஸன்.

கணினிக்கு முன்னால் இருந்த நிஹ்லா எழுந்து நின்றாள்.

"என்ன அண்ணாவியார் இது?"

"உங்கட கமிஷன். வரிப்பத்தான்சேனைக் கலியாணத்தில பொல்லடிச்சம். வெள்ளாமை வெட்டின கையோட கலியாணம். காசில்ல, நெல்லுத் தாறம் எண்டாங்க. பத்து மூடை தந்தாங்க. பத்துக்கு ஒண்டு ஒபிசுக்கு. சரிதானே?"

சரிதான். ஊர் வழக்கப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை கணினியில் இருந்தது.

கல்முனையில் பாடகர், அறிவிப்பாளர், பொல்லடிக்காரர் என்று எவர் வேண்டுமானாலும் இந்த அலுவலகத்தில்தான் பதிய வேண்டும். முதலாளி மிஹ்லார் மக்காவுக்கு உம்ரா செய்யப் போகுமுன் அலுவலக மென்பொருளைக் காட்டி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "ரெட் கலர்ல ஒண்டும் இரிக்கப்படாது. நான் வந்து பாத்துட்டுத்தான் உன்ன நிரந்தரமாக்கிற."

நிஹ்லாவின் வாப்பா அதற்குள் பள்ளிவாசலில் சொல்லிச் சொல்லியே மகளை மனேஜராக ஆக்கிவிட்டார். இனி வேலை போனால் அவர் ஜும்ஆவுக்கு வேறு ஊருக்குத்தான் போக வேண்டும்.

வரிப்பத்தான்சேனைக்கு நேரே சிவப்பு எரிந்தது. 'கமிஷன் வரவில்லை.' வந்ததே, அதோ மூலையில் சாய்ந்திருக்கிறதே என்று மென்பொருளுக்கு யார் சொல்வது? நெல்லின் விலையை ரூபாயாகப் பதிந்தாள். உடனே பெட்டியில் அவ்வளவு காசு இல்லை என்று இரண்டாவது சிவப்பு எரிந்தது. பதிந்ததை அழித்தாள். ஏன் அழித்தாய் என்று மூன்றாவதும் எரிந்தது.

"மூடைய வித்துட்டு காசப் போடன் மகள்" என்றார் தேநீர் கொண்டுவந்த பஸ்மிலா ராத்தா. அந்த அலுவலகம் திறந்த நாளிலிருந்து தேநீர் ஊற்றுகிறவர் அவர்.

"மிஹ்லார் காக்காவக் கேக்காம வித்தா அதுக்கும் ஏசுவார் ராத்தா."

கடைசியில் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. ஒரு புதிய கலைஞரைச் சேர்த்து, கமிஷனை அவர் பொறுப்பில் காட்டினால் மென்பொருள் வாயை மூடிக்கொள்ளும். சேர்த்தாள். பெயர், நெல். ஊர், வரிப்பத்தான்சேனை. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடமுடியாது. அனுபவம், ஒரு போகம். தங்குமிடம், அலுவலகம். கட்டணம் என்ற இடத்தில் மூடையின் விலையைப் போட்டாள்.

மூன்று சிவப்பும் அணைந்தன. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

புதிய கலைஞர் சேர்ந்தால் வாடிக்கையாளர் எல்லாருக்கும் அந்த மென்பொருள் தானே செய்தி அனுப்பும் என்பது அவளுக்கு மறுநாள் காலைதான் தெரிந்தது.

"தங்கச்சி, அந்த நெல்லு எண்ட பொடியன் பாட்டா, அறிவிப்பா?" என்று சாய்ந்தமருதிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அவர்... இப்ப சும்மாதான் இரிக்கார்" என்றாள் நிஹ்லா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

அழைப்புகள் கூடின. யாரும் கேட்காதபடி செய்துவிடலாம் என்று கட்டணத்தை ஒரு இலட்சமாக்கினாள். மென்பொருள் உடனே நெல்லுக்குத் தங்க நட்சத்திரம் குத்திப் பட்டியலின் உச்சியில் வைத்தது.

அப்போதுதான் ஆலையடிவேம்பிலிருந்து புண்ணியமூர்த்தி பேசினார். புடவைக் கடைக்காரர். வெள்ளிக்கிழமை மகளுக்குக் கலியாணம்.

"பிள்ளை, நல்லகாலம்! விடியவே நெல்லப் பதிஞ்சி அட்வான்சும் போட்டுட்டன். இப்ப பாத்தா இலட்சமாம்! சம்மந்தி வீட்டுக்கும் சொல்லிட்டன், பெரிய ஆள் வாறார் எண்டு."

நிஹ்லாவுக்கு அழுகை வந்தது. பதிவை இரத்துச் செய்தால் முதலாளியின் கைபேசிக்குச் செய்தி போகும்.

"ஐயா... நெல்லுக்குச் சுகமில்ல."

"ஐயோ! என்ன வருத்தம்?"

அவள் மூலையைப் பார்த்தாள். முந்தின நாள் மழைச்சாரல் யன்னலால் மூடையில் அடித்திருந்தது. "நனஞ்சிட்டார் ஐயா."

"சளி, தடிமன் போல. மல்லி அவிச்சிக் குடுங்க. அவர் ஏலாட்டி அதே தரத்தில வேற ஆளத் தரவேணும். சபையில எனக்கு மானம் போகப்படாது."

மாற்று ஆளை மென்பொருளே காட்டியது. பெயர், மணி. ஊர், இறக்காமம். குரல், கணீர். சாப்பாடு, சைவம் மட்டும். கடைசி நிகழ்ச்சி, ஹஜ்ஜுப் பெருநாள். படம் இல்லாவிட்டால் என்ன, பதிந்தவர் மிஹ்லார். ஐந்து நட்சத்திரம் போட்டு, 'மிகத் திருப்தி' என்று தன் கையாலேயே எழுதியும் இருந்தார்.

புண்ணியமூர்த்திக்கு வாசித்துக் காட்டினாள்.

"சைவமா? எங்கட கலியாண வீட்டுக்குச் சரியான ஆள்! அவரையே போடுங்க பிள்ளை."

போட்டாள். மணிக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி எடுக்கவில்லை. மத்தியானமும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. இவ்வளவு நல்ல கலைஞர் ஏன் இவ்வளவு மண்டைக்கனம் பிடித்தவராக இருக்கிறார் என்று அவளுக்குக் கோபமும் வந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் மீதிக் காசோடு புண்ணியமூர்த்தி நேரிலேயே வந்து உட்கார்ந்தார். அவர் பின்னால் வாசலில் ஒரு வேனும் வந்து நின்றது. பேரீச்சம்பழப் பெட்டியோடு மிஹ்லார் இறங்கினார்.

ஸலாம் சொல்லி, எல்லாருக்கும் பழம் கொடுத்து, ஒன்றைத் தானும் வாயில் போட்டுக்கொண்டு கணினியைப் பார்த்தார். சிவப்பு ஒன்றும் இல்லை. முகம் மலர்ந்தது. பிறகு பட்டியலின் உச்சியில் கண் நின்றது.

"ஆரு இந்த நெல்லு?"

நிஹ்லா மூலையைக் கையால் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

உம்ராவிலிருந்து அப்போதுதான் வந்த மனிதர் கோபத்தை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"நெல்லக் கொண்டு கலைஞராப் போட்டிருக்காய்! ஊர் சிரிக்காதா? சாமானையும் மனிசரையும் ஒண்டாப் பதியிற ஆளுக்கு இந்த ஒபிசில இடமில்ல. நாளைக்கு நீ வரத்தேவல்ல."

நிஹ்லா கைப்பையை எடுத்தாள். வாப்பாவுக்கு என்ன சொல்வது என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

"பிள்ளையை ஏசாதீங்க முதலாளி" என்று எழுந்தார் புண்ணியமூர்த்தி. "நெல்லு போனாப் போகட்டும். நீங்க அஞ்சு நட்சத்திரம் குத்தின அந்த மணி இரிக்காரே, அவர நாளைக்கு விடியவே அனுப்பினாச் சரி."

மிஹ்லாருக்குப் பேரீச்சம்பழம் தொண்டையில் சிக்கியது. இருமினார். கணினியை அணைக்கக் கை நீட்டினார். எல்லாருக்கும் முன்னால் தேநீரை வைத்துவிட்டு பஸ்மிலா ராத்தா நிமிர்ந்தார்.

"மணிய எங்கயிருந்து ஐயா அனுப்புற? இறக்காமத்தார் கமிஷனுக்குக் கொண்டுவந்து கட்டின கிடாவெல்லோ அது! கணக்கில சேருதில்ல எண்டு மிஹ்லார் தம்பிதான் கலைஞராப் போட்டவர். போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்து, எனக்கும் ஒரு பங்கு வந்ததே!"